குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவும் குடியரசு நாள் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தேறின.

பம்பு அறைக் கரும்பலகையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகளின் நீர் இருப்பை இவ்வாண்டும் நாள்தோறும் எழுதினேன். குடிநீர் வாரியத்தின் கணக்கு கைப்பேசியிலேயே கிடைக்கும்போது பலகை எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். அந்தக் கணக்கு இன்றைய இருப்பையும் சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பையும் காட்டும். 2015 முதல் நான் எழுதிவரும் பதிவேடு, நிரம்பிய ஏரி எத்தனை மாதம் தாங்கும் என்பதைக் காட்டும். 2015 டிசம்பர்ப் பக்கத்தில் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் பாய்கிறது. 2019 ஜூன் பக்கத்தில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடக்கின்றன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. இடையில் மூன்றரை ஆண்டுகளே. 2020இல் சேர்ந்த கண்ணன்கோட்டையின் 500 மில்லியன் கன அடியையும் கூட்டினால் ஐந்து ஏரிகளின் முழுக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. மாதம் ஏறக்குறைய ஒரு டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி, செலவாகும் நகரத்துக்கு, வெயிலில் ஆவியாவதைக் கழித்தால், இது ஓராண்டுக்குக்கூடக் காணாது.

ஆகவேதான் நம் பொதுக் கிணற்றையும் மாதந்தோறும் கயிறு விட்டு அளக்கிறேன். தை மாதத்தில் மூன்றாம் முடிச்சு நனைந்த கயிறு, சித்திரையில் ஏழாம் முடிச்சில்தான் ஈரம் கண்டது. மொட்டைமாடிக் குழாய்கள் பல வீடுகளில் இன்னும் சாக்கடையில்தான் விழுகின்றன. மழைநீர்த் தொட்டிகளில் தூர்வார இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அழைத்தும் வந்தவர்கள் ஏழு பேர். பொதுக்குழுவுக்கும் வராமல், சந்தாவும் செலுத்தாமல், லாரித் தண்ணீர் தாமதமானால் மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டுவது நியாயமா என்பதை உறுப்பினர்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நிலுவைச் சந்தா வந்திருந்தால் கையிருப்பு இவ்வளவு குறைந்திருக்காது. தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், காவலாளிக்கும், தூர்வார வந்த ஏழு பேருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தொட்டியையாவது ஐப்பசி மழைக்கு முன் சீர்செய்ய எண்ணம். புரட்டாசிக்குள் நிலுவை வந்து சேர்ந்தால்தான் கூலியாட்களுக்குச் சொல்ல முடியும். பதிவேட்டைத் தொடர இளைஞர் ஒருவர் முன்வந்தால் உடனிருந்து கற்றுத்தருவேன். காலை ஏழு மணிக்குப் பம்பு அறையில் இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்