நாலு நாளாவது சாவியைக் கொச்சி யூதர்களிடம் கொடுங்கள்

கேரள அரசின் சுற்றுலாத் துறைக்கும், தொல்லியல் துறைக்கும், முசிறி மரபுத் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

வரும் 2026 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது யூதர்களுக்கு 5787-ஆம் ஆண்டு பிறக்கிறது. அன்று தொடங்கி அக்டோபர் 4 வரை அவர்களுக்குப் பண்டிகைக் காலம். முதலில் புத்தாண்டு, பத்தாம் நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்து மன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர், பிறகு கூடாரப் பண்டிகையான சுக்கோத், கடைசியாக, தோரா என்னும் வேதத்தைக் கொண்டாடும் சிம்காத் தோரா. உங்களுக்கு அது ஓணச் சந்தடி ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் யூதன் இல்லை. எர்ணாகுளம் பிராட்வே பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் தமிழன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்த் திரும்பும் நம்மூர் பஸ்கள் ஃபோர்ட் கொச்சிக்கு வரும்போது, சீன வலை பார்த்த கையோடு மட்டாஞ்சேரி ஜூதத் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கா பஞ்சம்?

நான் கேட்பது இதுதான். எர்ணாகுளம் மாவட்டத்துப் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் நீங்கள் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கும் ஜூதப்பள்ளிகளை, அதாவது யூதர்களின் தொழுகைக்கூடங்களை, ஆண்டில் நாலு நாளாவது டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு, கொச்சி யூதர்கள் கையில் வழிபாட்டுக்காக விடுங்கள்.

நீங்கள் செய்த வேலையைக் குறை சொல்ல வரவில்லை. முசிறித் திட்டம் வராமல் போயிருந்தால் பரவூர்ப் பள்ளியின் கூரை என்ன கதிக்கு ஆளாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளிக்கு நேர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். உள்ளே இருந்த மரவேலைப்பாடு பெரும்பாலும் எப்போதோ ஜெருசலேமுக்குப் போய் இஸ்ரேல் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. வெறுங்கூடாக நின்ற கட்டடம் கிடங்காகி, 2019 மழையில் முன்பக்கம் இடிந்து விழுந்தது. ஆகவே கல்லையும் மரத்தையும் காப்பாற்றியதற்கு நன்றி. ஆனால் பள்ளி என்பது கல்லும் மரமும் மட்டும்தானா?

பரவூர்ப் பள்ளியின் அமைப்பைப் பார்த்தாலே விஷயம் புரியும். தெருவாசலில் ஒரு கட்டடம், அதைத் தாண்டித் தூண்கள் நிற்கும் நீண்ட நடை, முற்றம், அதற்கப்புறம்தான் தொழுகைக்கூடம். 1616-இல் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார் கட்டியது. ஆமாம், முதலியார்தான். கொச்சி ராஜா யூதர் தலைவருக்குக் கொடுத்த பட்டம் அது. கூடத்தின் நடுவில் தோரா வாசிக்கும் மேடை ஒன்று இருக்கிறது. மாடியில், பெண்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால், இன்னொரு மேடை. கேரளப் பள்ளிகளுக்கே உரிய ஏற்பாடு இது. சனிக்கிழமையான ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் தோராவை மேலே இருந்துதான் வாசிப்பார்கள். மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வாசிப்பு நடக்கும். இன்றைக்கு அந்த மாடிக்கு ஏறும் பயணி என்ன பார்க்கிறார்? இந்த மேடை இன்னதற்கு என்று ஒரு பலகை சொல்லும். மேடையில் ஒருவர் நின்று வாசிக்க, கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கும் காட்சி எந்தப் பலகையிலும் கிடைக்காது.

சேந்தமங்கலத்தில் பள்ளி வாசலில் ஒரு கல் நட்டிருக்கிறீர்கள். இஸ்ரவேலின் மகள் சாராளின் கல்லறைக் கல், 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டுகளில் ஒன்று. எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன பெண்ணின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவளுக்காகக் கதீஷ் என்னும், இறந்தவர்களுக்கான ஜெபத்தைச் சொல்ல வேண்டுமென்றால் வயது வந்த யூத ஆண்கள் பத்துப் பேர் ஒன்றாக நிற்க வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கு மின்யான் என்று பெயர். தோராச் சுருளை வெளியே எடுத்து முறைப்படி வாசிப்பதற்கும் அதே பத்துப் பேர் வேண்டும். கொச்சியில் எல்லாமே இந்தப் பத்தில்தான் வந்து முட்டுகிறது.

1950-களின் நடுவில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்து நெவாதிம், மலைப்பக்கம் மெசிலத் சியோன், தாஓஸ் என்று கிராமம் கிராமமாகக் குடியேறினார்கள். திருச்சூர் மாவட்டத்து மாளாவிலிருந்து போனவர்கள் 1955-இல் தங்கள் பள்ளியைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஊரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனது அது. அங்கே கல்லறை நிலத்தின் ஒரு பகுதி விளையாட்டு வளாகத்துக்குப் போனபோது குரல் கொடுத்ததும் ஊர்க்காரர்கள்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கேயே தங்கிவிட்டவர்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மட்டாஞ்சேரியில் தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்திருந்த சாரா கோஹன் அம்மையார் 2019-இல் காலமானபோது அந்தத் தெருவே மூடிக்கொண்டது போலச் செய்தித்தாள்கள் எழுதின. 'கடைசி யூதர்' என்று தலைப்புப் போடுவதில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு ருசி.

கடைசி என்று யார் சொன்னது? எர்ணாகுளம் ஜூதத் தெருவுக்கு வந்து பாருங்கள். என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். முன்பக்கம் அலங்கார மீனும் செடிகொடிகளும் விற்கிற கடை. தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பூந்தொட்டிகளுக்கும் நடுவே புகுந்து உள்ளே போனால் கதவுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், நம் கோயில் போலவே. 1972-இல் வழிபாடு நின்றுபோன இடம். அதை விட்டுவிடாமல் காத்து, பல வருஷம் பாடுபட்டு, மரவேலையை மெருகேற்றி, தொங்கு விளக்குகளை மாட்டித் திரும்பவும் தொழுகைக்குத் தகுதியாக்கியது சமூகத்துக்காரர்களேதான். இஸ்ரேலிலிருந்து பேரன் பேத்திகள் குழுவாக வந்தால் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த நேரம் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் மார்க்கெட் ரோடு இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

ஆக, ஆள் இல்லை என்பது பாதி உண்மைதான். ஆள் வருகிற நாளும் கதவு திறந்திருக்கிற நாளும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் மீதிப் பாதி. நெவாதிமிலிருந்து பரவூரைப் பார்க்க வருகிறவர் தாத்தா ஜெபித்த கூடத்தில் டிக்கெட் வாங்கிப் பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார். 'இன்ன தேதியில் பரவூர்ப் பள்ளி வழிபாட்டுக்குத் திறந்திருக்கும்' என்று ஆறு மாதம் முன்னால் தெரிந்தால், அவர் விமானச் சீட்டே அந்தத் தேதிக்கு எடுப்பார். பத்துப் பேரைச் சேர்ப்பது அப்புறம் அவர்கள் பாடு. அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

எந்த நாளைக் கொடுப்பது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓய்வு நாளிலும் பெரிய பண்டிகை நாட்களிலும் ஆசாரமான யூதர் வண்டி ஏற மாட்டார். இந்த வருஷம் புத்தாண்டே சனிக்கிழமையில் வருகிறது. சனிக்கிழமை ஷோஃபார் என்னும் கொம்பைக்கூட ஊதக் கூடாது, மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் ஊதுவார்கள். ஆகவே அன்றைக்குப் பரவூரைத் திறந்து வைத்துவிட்டு 'யாருமே வரவில்லையே' என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். அந்த நாட்களுக்கு எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் போதும். உங்களிடம் கேட்பது சுக்கோத்தின் இடைநாட்கள். இந்த வருஷம் செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 2 வரை. அந்த நாட்களில் பயணம் செய்யலாம், தோராவும் வாசிப்பார்கள். பரவூருக்கு ஒரு நாள், சேந்தமங்கலத்துக்கு ஒரு நாள். முற்றத்தில் ஓலை வேய்ந்து கூடாரம் போட இடம் தாராளமாக இருக்கிறது, ஓலைக்கும் இந்த ஊரில் குறைவில்லை. அப்புறம் ஹனுக்கா. டிசம்பர் 4 மாலை தொடங்கி எட்டு இரவுகள் விளக்கேற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரும் சீசனும் அதுதான். ஓய்வு நாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவை விட்டுவிட்டு அதில் இரண்டு இரவு கொடுங்கள். மொத்தம் நாலு. உங்கள் வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்துவிடாது.

சிம்காத் தோராவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனசு வரவில்லை. ஆண்டு முழுவதும் வாரவாரம் வாசித்து வந்த தோராவை முடித்து, அன்றைக்கே முதலிலிருந்து திரும்பத் தொடங்கும் நாள். உலகம் முழுக்க யூதர்கள் சுருளைத் தூக்கிக்கொண்டு தொழுகைக்கூடத்துக்குள் சுற்றி ஆடுவார்கள். கொச்சியிலோ பிற்பகலில் சுருள்களைப் பள்ளிக்கு வெளியே கொண்டுவந்து கட்டடத்தைச் சுற்றி வலம் வருவது வழக்கமாக இருந்தது. வெளியே தேங்காயெண்ணெய் விளக்குகளை அடுக்கடுக்காகக் கோபுரம் போல ஏற்றி வைத்தார்கள். உற்சவமூர்த்தி வீதி வருவதைப் பார்த்தே வளர்ந்த மண்ணில் வேறு எப்படி இருக்கும்? இது நான் இட்டுக்கட்டியதில்லை, கொச்சியில் தங்கி ஆராய்ந்தவர்களும் இந்த ஒற்றுமையை எழுதியிருக்கிறார்கள். பெண்கள் தங்களுக்கென்று மலையாளத்தில் பாட்டுகள் வைத்திருந்தார்கள். நோட்டுப்புத்தகங்களில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குப் போனவை. ஆண்கள் இருக்கும் சபையிலேயே குரல் உயர்த்திப் பாடினார்கள். மற்ற இடத்து யூதர்களிடையே இது லேசில் காணக் கிடைக்காது. அறிஞர் ஸ்கறியா சக்கறியாவும் பார்பரா ஜான்சனும் அந்தப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். பாட்டைப் பாடுவதற்கு நாலு நாள் கிடைத்தால் இஸ்ரேலிலிருந்து வரும் பேத்திகளே பாடுவார்கள்.

ஆனால் ஒரு கண்டிப்பு. நாள் கொடுங்கள் என்றதும் 'கேரள யூதப் பெருவிழா' என்று பந்தல் போட்டு, செண்டை மேளம் வைத்து, அமைச்சருக்கு நாற்காலி போட்டுவிடாதீர்கள். சுற்றுலாத் துறைக்கு அந்தக் கை அரிப்பு உண்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்குப் பயணிகளை விடுவதா வேண்டாமா, படம் எடுக்கலாமா, யார் எங்கே உட்காருவது எல்லாம் அவர்கள் முடிவாக இருக்கட்டும்.

'அவர்கள்' என்றால் யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வழியினரான மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர்களும் மற்றப் பள்ளிகளைச் சேர்ந்த மலபாரி யூதர்களும் காலங்காலமாகத் தனித்தனி. பரதேசிப் பள்ளிக்கு உள்ளேயே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழி வந்தவர்களுக்குச் சம இருக்கை இல்லாத காலம் ஒன்று இருந்தது. வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்தி வழியில் சத்தியாக்கிரகம் செய்து அதை அசைத்தார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தது அதனால்தான். ஆகவே ஒரு தர்மகர்த்தாவிடமோ ஒரு குடும்பத்திடமோ சாவியைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததாக இருந்துவிடாதீர்கள். எல்லாப் பிரிவுக்கும் ஆள் வைத்து ஒரு சின்னக் குழு போடுங்கள், இஸ்ரேலில் இருக்கும் கொச்சிக்காரர்களையும் சேர்த்து. சண்டை வரும். எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் வராத சண்டையா?

சட்டத்தில் இடமிருக்கிறதா என்று யாராவது கோப்பைப் புரட்டக்கூடும். இதைவிடப் பழைய கோப்பு ஒன்று இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்தில் வெட்டியது, இன்றும் பரதேசிப் பள்ளியின் வசம் இருக்கிறது. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வரிவிலக்கும் கொடுத்து, உலகும் சந்திரனும் உள்ளவரை என்று எழுதிவைத்தார். 2017-இல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது அதன் நகலைத்தான் பரிசாகக் கொண்டுபோனார். பகலில் விளக்கேற்ற அனுமதி கொடுத்த நாட்டில், ஹனுக்காவுக்கு இரண்டு இரவு விளக்கேற்ற இடம் கேட்கிறோம்.

2023 மே மாதம் கொச்சியில் பல வருஷத்துக்குப் பிறகு ஒரு யூதத் திருமணம் நடந்தது. மதகுருவான ராபி இஸ்ரேலிலிருந்து வந்திருந்தார். விதானத்தை ஜூதப்பள்ளியில் கட்டவில்லை, ஒரு விடுதியில் கட்டினார்கள். கட்டடங்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் அடுத்த கல்யாணத்துக்காவது பள்ளி கிடைக்கும்படி, கல்யாணம் கேட்டு வந்தால் எந்த மேஜைக்குப் போவது என்பதையும் இதோடு தெளிவாக்கிவிடுங்கள்.

ஆகஸ்ட் முடிவதற்குள் சுக்கோத்துக்கான இரண்டு தேதிகளை உங்கள் இணையதளத்திலும் இரண்டு பள்ளி வாசலிலும் எழுதிப் போட முடிந்தால் இந்த வருஷமே ஆள் சேர்க்கலாம். முடியாவிட்டால் ஹனுக்காவின் இரண்டு இரவுகளையாவது விட்டுவிடாதீர்கள். கூடாரத்துக்கு ஓலை, விளக்குக்கு எண்ணெய் என்று என்ன தேவையோ, பிராட்வேயில் நாங்கள் நாலைந்து கடைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எர்ணாகுளம் பிராட்வேயில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழன்