பட்டையை உரிக்கச் சொன்னீர்கள், மரத்தை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில் மருதம்பட்டைக் கஷாயம் பற்றி எழுதியிருந்தீர்கள். இதயத்துக்கு நல்லது என்று சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, பரம்பரையாகக் கொடுத்து வருகிற மருந்துதான். ஆனால் 'ஆற்றங்கரையில் மருத மரங்கள் ஏராளம், காசு கொடுத்து வாங்காமல் நாமே உரித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் தாமிரபரணிக் கரையில் இருப்பவள். எங்கள் படித்துறைக்கு மேலே நின்ற பெரிய மருத மரத்தின் பட்டையை யாரோ கைக்கு எட்டிய உயரம் வரை சுற்றிலும் அரிவாளால் செதுக்கி எடுத்துப் போய்விட்டார்கள். இலையில் உண்டாகும் சத்து உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அதைச் சுற்றிவர வெட்டினால் வேர் பட்டினி கிடந்து சாகும். கொஞ்ச காலம் மரம் பச்சையாகத்தான் நின்றது, நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அப்புறம் உச்சிக்கிளை காய்ந்தது, மரமே போயிற்று. இதே ஆற்றங்கரையில்தான் திருப்புடைமருதூர் இருக்கிறது. மருதத்தைத் தலமரமாக வைத்துக் கும்பிடுகிற ஊர் அது.

என் மாமனார் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். பட்டை கொண்டு வருகிறவர்களிடம் விலை பேசுவதற்கு முன்னால் எப்படி எடுத்தாய் என்றுதான் கேட்பார். முற்றிய மரமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் எடுக்க வேண்டும், அதுவும் மேல்பட்டைதான். கட்டையோடு ஒட்டியிருக்கும் உள்பட்டையைத் தொடவே கூடாது. அந்த இடம் ஆறி மறுபட்டை வந்த பிறகே அடுத்த பக்கம். மருதம் தானாகவே மேல்தோலைச் செதில் செதிலாக உதிர்க்கிற மரம், பொறுமையாக எடுத்தால் காலத்துக்கும் கொடுக்கும். நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிட்ட காலத்தில் மெக்கைவர் என்ற அதிகாரி செய்ததும் தங்களுக்குத் தெரியாதது இல்லை. காய்ச்சல் மருந்துக்காகப் பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக எடுத்து, எடுத்த இடத்தில் பாசியை வைத்துக் கட்டினார். புதுப்பட்டை வளர்ந்தது, அதில் கொய்னா என்ற அந்தக் காய்ச்சல் மருந்துச் சத்தும் கூடுதலாகவே இருந்தது. இதெல்லாம் நடந்து 100 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இதோடு போனால் நான் எழுதியிருக்க மாட்டேன். முன்பு ஒரு இதழில், பெரும்பாட்டுக்கு, அதாவது மாதவிலக்கில் அதிகமாக ரத்தம் போவதற்கு, அசோகப்பட்டை என்று எழுதிவிட்டு நெட்டிலிங்கத்தின் படத்தைப் போட்டீர்கள். பள்ளிக்கூட மதில் ஓரத்தில் நெட்டையாக நிற்பது அந்த அசோகம் இல்லை. மருந்து அசோகம் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். காட்டில் அருகிப்போய் வருகிறது. அதனாலேயே சந்தையில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்கிறார்கள். ரத்தப்போக்கில் தவிக்கிற ஒரு பெண் உங்கள் படத்தை நம்பி வேறு பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அப்போதே கடிதம் போட்டேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை.

இந்த முறை 'மாத்திரைக்கு விடை கொடுங்கள்' என்று தலைப்பு வேறு. எங்கள் தெருவில் ஒருவர் இப்படி எங்கோ படித்துவிட்டு பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். இன்று வலது கையைத் தூக்க முடியாமல் கிடக்கிறார். கஷாயத்தை நான் குறை சொல்லவில்லை. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே.

சின்னதாக ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த இதழில், அதே பக்கத்தில், பொது இடத்து மரங்களில் பட்டை உரிக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இரண்டு வரி போடுங்கள். இடம் இருந்தால் சரியான அசோக மரத்தின் படத்தையும் போடுங்கள். பூத்திருக்கும்போது எடுத்த படம் என்னிடம் இருக்கிறது, இத்துடன் வைத்திருக்கிறேன்.

வருத்தத்துடன்,
தங்கள் நெடுநாள் வாசகி,
அம்பாசமுத்திரம்.