கூட்ஸியின் வலது கை

ஆக்டன்வில், பெனோனி, தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய பணம் வந்தது. இவ்வளவு எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள். போன மாதமும் இப்படித்தான். பணம் வருகிறது, போன்தான் வருவதில்லை. இருக்கட்டும், அங்கே உனக்கு என்ன வேலையோ. கூரைத் தகடு மாற்றியாகிவிட்டது. காவடிக்கு இந்த வருஷம் நல்ல கூட்டம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பழைய பெட்டியைக் குடைந்தபோது நம் குத்துச்சண்டைக்காரர் கெர்ரி கூட்ஸி படம் போட்ட பேப்பர் ஒன்று கிடைத்தது. 1983 செப்டம்பர். நீ அப்போது பிறக்கவே இல்லை. சின்ன வயதில் அவர் கதையைச் சொன்னால்தான் சோறு இறங்கும் உனக்கு. பக்கத்து ஊர் பாக்ஸ்பர்க்காரர், நம் ரோட்டில் போய்வந்த மனுஷன் என்று பெருமையாகச் சொல்வேன். முகமது அலியையே ஜெயித்த லியான் ஸ்பிங்க்ஸை 1979இல் மான்டி கார்லோவில் முதல் ரவுண்டிலேயே மூன்று தடவை சாய்த்தது, ஓஹையோவில் மைக்கேல் டோக்ஸைப் பத்தாவது ரவுண்டில் படுக்கவைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து முதல் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனது, எல்லாம் சொன்னேன். நீ தலையணையை டோக்ஸ் ஆக்கிக் குத்திக் கிழித்தாய். திட்டு எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அந்தக் கையைப் பற்றி மட்டும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கூட்ஸியின் வலது கை திரும்பத் திரும்ப அடிபட்டது. திரும்பத் திரும்ப அறுத்துத் தைத்தார்கள். ‘பயோனிக் கை’, அதாவது இயந்திரக் கை என்று பேப்பரில் பட்டம் வேறு கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி வலி எடுக்கும்போது பக்கத்தில் உட்கார எந்தப் பேப்பர்காரன் வருவான்? கை என்பது ஆறும் வரைக்கும் விட்டுவைக்க வேண்டியது. அவ்வளவுதான்.

1979 அக்டோபரில் பிரிட்டோரியா லாஃப்டஸ் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கூடினார்கள். அலி விட்டுப்போன பட்டத்துக்கான சண்டை. கூட்ஸி ஜான் டேட்டோடு 15 ரவுண்டும் நின்று பாயிண்டில் தோற்றார். நம் தெருவில் பாதிப்பேர் அமெரிக்காக்காரன் டேட் ஜெயிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் ஜெயித்தால் அந்த அரசாங்கமே ஜெயித்த மாதிரி எங்களுக்கு. கூட்ஸி அந்த நிறவெறிச் சட்டமெல்லாம் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னவர் என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த வருஷம் சன் சிட்டியில் மைக் வீவரிடம் பதின்மூன்றாவது ரவுண்டில் விழுந்தபோது எங்களுக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

டோக்ஸிடம் வாங்கிய பட்டத்தை 1984 டிசம்பரில் அதே சன் சிட்டியில் கிரெக் பேஜிடம் விட்டார். எட்டாவது ரவுண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டும். மணியே அடிக்கவில்லை. நாலு நிமிஷத்தை நெருங்கும்போது அடி விழுந்தது. மணி அடிக்க வேண்டியவன் எதை வேடிக்கை பார்த்தானோ! இன்றைக்கும் ஜனங்கள் அந்த மணியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் கண்ணில் நிற்கிறது. 1986இல் வெம்பிளியில் ஃபிராங்க் புரூனோவிடம் முதல் ரவுண்டிலேயே முடிந்தது. நிறுத்தினார். சரி என்று நினைத்தோம். 1993இல் திரும்ப வந்தார். 1997இல், 42 வயதில், மறுபடியும் ரிங்கில் ஏறி ஐரன் பார்க்லியிடம் தோற்றார். எதற்கு? 33 வெற்றி வைத்திருந்த மனுஷனுக்கு அங்கே இன்னும் என்ன பாக்கி இருந்தது? யாரோ ஒருத்தன் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னும் ஒன்றே ஒன்று” என்று சொல்லியிருப்பான். அப்படிச் சொல்கிறவன் எவனும் கிளவுஸ் மாட்டுவதில்லை.

போன தடவை வீடியோவில் பேசினாயே, டீயை இடது கையால் எடுத்தாய். போனையும் இடது கையில்தான் பிடித்திருந்தாய். வலது கை மேஜைக்கு மேலே வரவே இல்லை. அம்மா கவனிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தங்கச்சி பேச்சுவாக்கில் செப்டம்பர் என்று ஏதோ ஆரம்பித்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டாள்.

நீ ஜெயித்த முதல் சண்டைப் படம் இன்னும் கடையில் கல்லாவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. பால் வாங்க வருகிறவனிடம்கூட “என் பையன்” என்று காட்டுகிறேன். அடுத்த சண்டை எப்போது என்று கேட்கிறார்கள். அவன் ஓய்வில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னைப் பொய்யன் ஆக்கிவிடாதே.

ஜெயித்தபோதெல்லாம் முதல் போன் எங்களுக்குத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் நாங்கள் ஊரார் ஆகிவிடுகிறோமா?

அம்மாவுக்குக் கூட்ஸியும் தெரியாது, பேஜும் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே ஹெவிவெயிட் கோரி சாண்டர்ஸ். 2003இல் ஹனோவரில் விளாடிமிர் கிளிட்ச்கோவை இரண்டே ரவுண்டில் முடித்தாரே, அதற்காக இல்லை. 2012இல் பிரிட்ஸ் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் கொள்ளைக்காரர்கள் சுட்டபோது மகளை மறைத்துக்கொண்டு செத்துப்போனாரே, அதற்காக. அந்தச் செய்தி வந்த அன்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தவள். உன்னைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால் எப்படி இருப்பாள் என்று நீயே நினைத்துப் பார்.

கூட்ஸியும் 2023 ஜனவரியில் போய்விட்டார். வயது 67. என்னைவிட ரொம்பப் பெரியவர் இல்லை.

கை ஆறட்டும். மேனேஜர் என்ன சொன்னாலும் ஆறட்டும். காசு வேண்டுமென்றால் கேள், கூரைக்குப் போக மிச்சம் இருக்கிறது. பதிலை டைப் அடித்து அனுப்பாதே. உன் கையெழுத்தில் நாலு வரி எழுது, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: எக்ஸ்ரே எடுத்திருந்தால் தங்கச்சிக்கு அனுப்பு. எனக்கு அனுப்ப வேண்டாம். அவளிடம் நான் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.