தீயை மணலால் மூடிவிட்டுப் போகாதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கூடாரம் போட்டு இரவு முகாம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை இரவு எங்கள் ஊர்க் கரையில் எங்கெங்கே நெருப்பு எரிந்தது என்று உங்களுக்குத் தெரியும். விடியுமுன் வண்டியேறிவிட்டீர்கள். அதன் பிறகு நடந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்காது.

வெளிச்சம் வருமுன்பே கரைவலை இழுக்க ஆட்கள் இறங்கினார்கள். இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பார்கள். குதிகாலை மணலில் ஆழ ஊன்றினால்தான் கயிறு வரும். முதுகுக்குப் பின்னால் கிடப்பதைப் பார்க்க வழியில்லை. என் சித்தப்பா ஊன்றிய இடத்தில் நீங்கள் மூடிவிட்டுப் போன கங்கு இருந்தது. செருப்பில்லாத கால். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர். சூடு உறைக்கவே நேரமாகிவிட்டது. அதற்குள் தோல் வெந்துவிட்டது. சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் வீடுகளிலும் தெரிந்த கதைதான். வலை இழுத்தவருக்குத்தான் பங்கு. அவர் இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

மணலைப் போட்டால் தீ அணையாது. மேலே சாம்பல்கூடத் தெரியாது. அடியில் கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், சுற்றியுள்ள மணலும் கொதிக்கும். தண்ணீர் ஊற்றுங்கள். கிளறிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கையை மேலே காட்டிப் பார்த்து, சூடே இல்லையென்றால் கிளம்புங்கள். எரிக்க நீங்கள் எடுத்தது பழைய படகுப் பலகை. அதன் ஆணிகளும் அந்தச் சாம்பலில்தான் கிடந்தன.

அதோடு இது மாசி மாதம். பங்குனி ஆமைகள் என்று நாங்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் முட்டையிட ஏறிவரும் காலம். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். ஏறக்குறைய 45 நாளில் பொரிந்து, பெரும்பாலும் இரவில்தான் குஞ்சுகள் வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். கடல்மேல் தெரியும் மங்கிய ஒளியை நம்பிப் போகவேண்டியவை, உங்கள் தீயைப் பார்த்துத் திரும்பிவிடும். சென்னைக் கரையில் 1970-களிலிருந்தே இளைஞர்கள் தூக்கம் விழித்து நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் உயிர் இந்த ஆமை. தெரியாது என்று நீங்கள் சொல்லமுடியாது.

இந்தக் கரையைக் காலியிடம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? வலை உலர்த்துவதும் கருவாடு காயப்போடுவதும் இங்கேதான். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னமும் இங்கேதான் இருக்கிறார்கள். எங்கள் பெண்கள் கருவாட்டுக்கு இடம் பிடிக்கப் போனால், முகாமுக்கு விட்ட இடம் என்று உங்கள் ஆள் விரட்டுகிறார். யார் விட்டது, யாரைக் கேட்டு விட்டது?

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நாங்கள் நினைக்கவில்லை. கேட்பது இவ்வளவுதான்: தை முதல் சித்திரை முடியும்வரை கரையில் தீ வேண்டாம். மற்ற மாதங்களில், வலையும் படகும் இல்லாத இடமாக ஊராரைக் கேட்டு மூட்டுங்கள். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றியே அணையுங்கள், மணலால் மூடாதீர்கள். அடுத்த முகாமுக்கு முன் உங்களில் பொறுப்பான ஒருவர் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாரை வந்து பார்த்துப் பேசும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கரைவலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்