தாத்தா கேட்ட இரண்டு மாதம்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள மகனுக்கு,

தாத்தாவைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டேன் என்று போனில் சொன்னாய். மகிழ்ச்சியில் அன்றிரவு தூக்கமே வரவில்லை. பயமும் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் 'சத்திய சோதனை'யை மறுபடி எடுத்தேன். 1894இல் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் முன் அழுதுகொண்டு நின்றாரே, முதலாளியிடம் அடிபட்ட ஒப்பந்தக் கூலி பாலசுந்தரம், அந்தப் பக்கத்தை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. அதை எழுதியவர் காந்தி. பாலசுந்தரம் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர்கள் பெரும்பாலும் இப்படிப் பிறர் புத்தகத்தில்தான் இருக்கிறார்கள்.

அதனால்தான் பத்திரிகையை விரித்ததும் நான் முதலில் வாசகர் கடிதங்களுக்குப் போகிறேன். அங்கே சாதாரண மனிதர் தம் வாயால் பேசுகிறார். 1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழுக்குக் குவிந்த கடிதங்களைப் படித்துப் பதில் எழுதியது தமக்கு நல்ல கல்வியாக இருந்தது என்று காந்தியே சொல்லியிருக்கிறார்.

உன் தாத்தாவும் ஒரே ஒரு கடிதம் எழுதினார். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று தென்னாப்பிரிக்க அரசு வகுத்த குழுப்பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனில் நாங்கள் குடியிருந்த கேட்டோ மேனரிலிருந்து எங்களை வெளியேறச் சொன்ன சமயம் அது. பிற்காலத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் அநீதி என்பார், நிறவெறி என்பார். எல்லாம் உண்மை. ஆனால் அன்றைய கடிதத்தில் அந்தச் சொற்கள் இல்லை. கொடியில் அவரை பூத்திருக்கிறது, காய் பறிக்கும் வரை இரண்டு மாதம் தவணை வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். இனி என்ன ஆகும் என்று தெரியாத மனிதர் எழுதியது அது. தன்வரலாறு எழுதுகிறவருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது; அந்தத் தெளிவு பழைய நாட்களின் மேலும் படிந்துவிடுகிறது. நீயும் முடிவு தெரிந்தவன். அதுதான் என் பயம். அந்த அவரைக்கொடியை விட்டுவிடாதே, கண்ணா.

பத்திரிகைத் துண்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். "என் ஐந்து பிள்ளைகளும் இந்த வீட்டில்தான் பிறந்தார்கள்" என்ற வரியை அச்சில் வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் பென்சிலால் தாத்தாவே அதைத் திரும்ப எழுதியிருக்கிறார். நகலில் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

அன்புடன்,
அம்மா