மவுண்ட் ஐசாவிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு

அன்புள்ள குட்டிம்மா,

ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது என்று கேட்டதும் அம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால், "மவுண்ட் ஐசாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானேப்பா, காரிலேயே ஒரே நாளில் போய்விடுவேன்" என்றாயே, அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

விமானக் கணக்கு சரிதான். நேர்கோட்டில் 665 கிலோமீட்டர் போல வரும். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் சின்ன விமானத்துக்கு, ஏறி இறங்குவதையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் போதும். தார்ச்சாலை அப்படி நேராகப் போவதில்லை. பார்க்லி நெடுஞ்சாலையில் மேற்கே த்ரீ வேஸ் சந்திப்பு வரை போய், அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 1,170 கிலோமீட்டர்.

வரைபடத்தில் பௌலியா ஊர் வழியாக ப்ளென்டி நெடுஞ்சாலை குறுக்குவழி போலத் தெரியும். பெயர்தான் நெடுஞ்சாலை, பெரும்பகுதி மண்பாதை. மாவு போன்ற செம்புழுதி பள்ளங்களை மூடிக் கிடக்கும். உன் சின்னக் காருக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, நான் ஐசாவில் சுரங்க வேலையில் இருந்தேன். அப்போது இதே பார்க்லி வழியில் போனோம். தாமதமாகக் கிளம்பினோம், அது என் தப்பு. கேமோவீல் ஊரைத் தாண்டும்போதே மதியம் கழிந்துவிட்டது. மேற்கே போகிற சாலை, பிற்பகல் முழுக்க வெயில் நேராகக் கண்ணில். இருட்டினால் குளுமையாகப் போகலாம் என்று நினைத்து நிற்காமல் ஓட்டினேன். அந்தி மங்கிய நேரத்தில் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது. ரேடியேட்டர் போயிற்று. இரண்டு மணி நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. அம்மா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த அரை பாட்டில் தண்ணீரை உனக்காகவே வைத்திருந்தாள். கடைசியில் ஒரு ரோடு ட்ரெயின், அதுதான் பல டிரெய்லர்களை இழுத்துப் போகும் லாரி, அதன் டிரைவர்தான் நிறுத்தினார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் மூன்று நாளாகப் பிரித்துக்கொள். முதல் நாள் கேமோவீல் 188 கிலோமீட்டர், அப்புறம் வழியோர விடுதியான பார்க்லி ஹோம்ஸ்டெட் வரை 260. அங்கேயே தங்கிவிடு. மறுநாள் டெனன்ட் கிரீக் ஊர், அதற்கடுத்த நாள் ஆலிஸ். பாதி டாங்க் இருந்தாலும் பங்க் கண்ட இடத்திலெல்லாம் நிரப்பு. எல்லை தாண்டி வடக்குப் பிரதேசத்தில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம் என்று பலகை சொல்லும், நீ 100-இலேயே போ. ரோடு ட்ரெயின் 53 மீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே வெகுதூரம் காலியாகத் தெரிந்தால் மட்டும் முந்து. பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வண்டியை எடுக்காதே.

ஆலிஸ் போனதும், ஊருக்கு மேற்கே ஜான் ஃப்ளின்னின் கல்லறைக்கு ஒருநாள் போய்வா. இந்தத் தூரத்தில் நோயாளிகள் படும் பாட்டைப் பார்த்து 1928-இல் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கியவர். முதல் விமானம் கிளம்பியது உன் பக்கத்து ஊரான குளோன்கரியிலிருந்துதான்.

குயின்ஸ்லாந்து எல்லையைத் தாண்டி வடக்குப் பிரதேசத்துக்குள் போகும்போது கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளி வை. பார்க்லி ஹோம்ஸ்டெட்டில் இறங்கியதும் போன் செய். அங்கே ஐந்தரை என்றால் இங்கே ஆறு. ஆறு மணியிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா