வாளியை ஓரமாக வைத்துவிட்டு வந்த அக்காவுக்கு

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நேற்று எட்டாவது கீமோ முடிந்தது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

சோதனைக்காகக் கட்டியிலிருந்து சதை எடுத்த (பயாப்ஸி) டாக்டர், அது கெடாமல் இருக்க பார்மலின் ஊற்றிய சின்ன பாட்டில் ஒன்றை என் கையில் கொடுத்து, சதையைச் சோதிக்கும் பேத்தாலஜி பிரிவில் சேர்க்கச் சொன்னார். உள்ளே நூல் துண்டு போல நாலைந்து சதைத் துணுக்குகள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி மாடியாக அலைந்தேன். இடத்தைக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். கவுன்டரில் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்கள். வலது மார்பா இடதா என்று எழுதவில்லை, கையெழுத்தும் இல்லை. ஒரு மணிக்கு மேல் வாங்க மாட்டார்கள். இனி திங்கட்கிழமைதான்.

சுவரோரமாக நின்று அழுதேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா வாளியை ஓரமாக வைத்துவிட்டு வந்தார். “சீட்டைக் குடு பாப்பா. பாட்டில் மூடியைக் கெட்டியாப் புடிச்சுக்கோ.” பின்பக்கப் படிக்கட்டில் அவர் முன்னே, நான் பின்னே. டாக்டரைப் பிடித்து எழுதி வாங்கித் திரும்பும்போது ஒரு மணி ஆக நாலு நிமிடம். பாட்டிலை வாங்கி நம்பர் போட்டார்கள். காசு கொடுக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, “திங்கக்கிழமை வரைக்கும் உனக்குத் தூக்கம் வருமா?” என்றார்.

மூன்று நாள்தானே என்று தோன்றலாம். அம்மாவுக்கு நாள் போனதெல்லாம் இப்படித்தான். வலிக்கவில்லை என்று அவர் மறைத்தது ஐந்து மாதம். கொழுப்புக் கட்டி என்று ஒருவர் மாத்திரை கொடுத்து அனுப்பியதில் ஆறு வாரம். முதலில் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று தெரிந்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னதை அப்புறம்தான் படித்தேன். எங்களுக்கு 71 ஆனது. உங்களால் 74 ஆகவில்லை, அக்கா.

பிரஷர் மாத்திரை கொடுக்க வந்த இடத்தில் அம்மாவிடம் பேச்சுக்கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையோடு கூட்டிப்போன மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர், காப்பீட்டு அட்டைக்காக அலைந்த தம்பி, ரத்தம் கொடுத்த மூன்று பேர், டிபன் கேரியர் நிற்காமல் அனுப்பிய கீழ்வீட்டு அத்தை, எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் எனக்கு லீவு. பதினோரு மணிக்கெல்லாம் பேத்தாலஜி வாசலில் இருப்பேன். பாட்டிலோடு வருகிறவர்களின் சீட்டைக் கவுன்டருக்குப் போகும் முன்னே நான் பார்த்துவிடுகிறேன்: பெயர், வலமா இடமா, கையெழுத்து. அக்கா, அன்றைக்கு உங்கள் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அதையும் கேட்க வேண்டும்.